முடிவைத் தாளில் வையுங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பதினைந்து பேர் வருகிறார்கள். பெரும்பாலும் தறி நெய்பவர்கள், பீடி சுற்றுபவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நான்கு பேர் வீட்டில் உருது பேசுகிறார்கள், இரண்டு பேர் தெலுங்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி, கிரேக்கப் புராணக் கதைகள் கொண்ட ஆங்கிலப் படப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். அதைப் பார்த்துத் தமிழில் கதை சொல்ல ஆரம்பித்தேன். பிள்ளைகள் மெய்மறந்து கேட்கிறார்கள். ஆனால் வாசிக்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கதைகளையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்வான்; நான்கு வரி வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான். எழுதுவது என்றால் எல்லோருக்கும் பலகையைப் பார்த்து எழுதுவதுதான். இதற்கிடையில் ஒரு பெற்றோர், ‘நம் ஊரில் சாமி கதைக்கா பஞ்சம்? யாரோ கும்பிட்ட சாமி கதையை எதற்குச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டார். இன்னொருவர், ‘பரீட்சைக்கு இது உதவுமா?’ என்கிறார். கதைகளில் வெட்டும் குத்தும் வேறு இருக்கின்றன. தொடரலாமா, நிறுத்திவிடலாமா?
ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

நிறுத்த வேண்டாம். கதை கேட்பதற்கென்று ஓடி வரும் பிள்ளைகள் உங்களுக்கு வாய்த்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததில், முதலில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் கதையை முழுவதும் வாயால் சொல்லி முடித்துவிட்டு, அதன் பிறகு வாசிக்கச் சொல்கிறீர்கள். அரக்கன் செத்தானா, பையன் பிழைத்தானா என்பதெல்லாம் தெரிந்துவிட்ட பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் மிச்சம் இருப்பது எழுத்துக் கூட்டும் வேலை மட்டுமே. முகம் சுருங்காமல் என்ன செய்யும்?

கதையை நடுவில் நிறுத்துங்கள். அடுத்து என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் துடிக்கும் இடத்தில் நிறுத்தி, முடிவை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் வாசித்தே ஆக வேண்டும். இந்த முறைக்குக் கிரேக்கக் கதைகள் நன்றாகப் பொருந்தும். காரணம், உங்கள் தெருவில் அவற்றின் முடிவு யாருக்கும் தெரியாது. பாடநூலில் உள்ள பாடத்தை அக்காவோ அண்ணனோ போன ஆண்டே உரக்கப் படித்திருப்பார்கள். பிள்ளை அதைக் காதால் மனப்பாடம் செய்துவைத்திருக்கும். தாளில் விரலை ஓட்டிக்கொண்டே கண்ணை வேறெங்கோ வைத்துப் பாடம் ‘வாசிக்கும்’ பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாரதக் கதையோ கூத்தில் விடிய விடியப் பார்த்த கதை. துரியோதனன் தொடையில் அடிபட்டு விழுவான் என்று தெரிந்துகொள்ள யாரும் எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. இகாரஸ் என்ன ஆனான் என்பது அப்படியல்ல. அது உங்களுக்கும் அந்தத் தாளுக்கும் மட்டுமே தெரியும்.

அந்த ஒரு கதையை வைத்தே ஒரு மாலைப் பொழுதை விரிவாகச் சொல்கிறேன். டேடலஸ் என்பவர் கைதேர்ந்த கம்மியர், இகாரஸ் அவருடைய மகன். கிரேக்கத்தின் கிரீட் தீவு அரசன் மினோஸ், அப்பாவையும் மகனையும் அங்கிருந்து வெளியேற விடாமல் தடுத்துவைத்திருக்கிறான். கதையைத் தொடங்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘வேலூர்க் கோட்டைக்குள் உங்களை அடைத்துவிட்டால் எப்படித் தப்பிப்பீர்கள்?’ சுற்றிலும் அகழி, உயர்ந்த மதில். கோட்டையைப் பார்த்திருக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். இலங்கைத் தீவின் கடைசி அரசர், கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், 1816 முதல் 1832-இல் இறக்கும் வரை அதே கோட்டையில்தான் சிறை இருந்தார் என்பதையும் சொல்லுங்கள்; அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. சிறைப்பட்டவர் மனநிலை பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். பிறகு கதைக்கு வாருங்கள். கடல் வழியை மினோஸ் அடைத்துவிட்டான், வானம் மட்டும் திறந்திருக்கிறது. டேடலஸ் பறவை இறகுகளைப் பொறுக்கி, நூலால் கட்டி, மெழுகால் ஒட்டி இரண்டு ஜோடி இறக்கைகள் செய்கிறார். மகன் தோளில் கட்டும்போது இரண்டு எச்சரிக்கைகள் சொல்கிறார்: மிகத் தாழப் பறந்தால் கடல் நீர் தெறித்து இறகு கனத்துவிடும், மிக உயரப் பறந்தால் வெயிலில் மெழுகு உருகிவிடும், என் பின்னாலேயே வா. இதோடு நிறுத்திவிடுங்கள். ‘பிறகு, மிஸ்?’ என்று கேட்பார்கள். தாளை நீட்டுங்கள்.

தாளில் இவ்வளவு இருந்தால் போதும்:

இருவரும் பறந்தார்கள்.
கீழே கடல். மேலே வெயில்.
“அப்பா, நான் பறக்கிறேன்!” என்றான் இகாரஸ்.
அவன் மேலே போனான். இன்னும் மேலே போனான்.
மெழுகு உருகியது.
ஓர் இறகு விழுந்தது. இன்னோர் இறகு விழுந்தது.
அப்பா திரும்பிப் பார்த்தார்.
கடலில் இறகுகள் மட்டும் மிதந்தன.

சொற்கள் சிறியவை. மேலே, போனான், இறகு, விழுந்தது எல்லாம் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் தடவை தடுமாறுகிற பிள்ளை இரண்டாவது தடவை அதே சொல்லைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இகாரஸ் கடலில் விழுந்தான் என்ற வரி தாளில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கடைசி வரியை வாசித்துவிட்டுப் பிள்ளை நிமிர்ந்து ‘அப்படியென்றால் விழுந்துவிட்டானா?’ என்று கேட்டால், எழுத்தைத் தாண்டிப் பொருளுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். கேட்காவிட்டால், ‘இறகு மட்டும் ஏன் மிதந்தது?’ என்று நீங்கள் கேளுங்கள். பதிலை மட்டும் நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கதை எல்லோருக்கும் ஒன்றுதான், தாள் மட்டும் வேறு. எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளைக்குக் கடல், மேலே, இறகு, மெழுகு என்ற நான்கு சொல்லட்டைகளைக் கொடுத்து, அவை தாளில் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி வட்டமிடச் சொல்லுங்கள். வரி வாசிக்கும் பிள்ளைக்கு மேலே உள்ள தாள். நன்றாக வாசிக்கும் பிள்ளைக்கு, டேடலஸ் மகனைப் புதைத்துவிட்டு மேற்கொண்டு பறந்து போனது வரைக்கும் இன்னும் பத்து வரிகள். பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலை என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டால் உங்கள் வேலை பாதி குறையும். வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகத்தான் இருக்கின்றன. அவற்றில் கிடைப்பவற்றையும் கேட்டு வாங்கி வாசிக்கக் கொடுங்கள்.

ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தடுமாறுகிற பிள்ளைக்கு அது தண்டனை. கேட்டுக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கோ வீண் பொழுது. இரண்டிரண்டு பேராக, ஒரு தாளை நடுவில் வைத்து, ஆளுக்கொரு வரி வாசிக்கட்டும். உருது பேசும் பிள்ளையையும் தமிழ் பேசும் பிள்ளையையும் ஜோடி சேருங்கள். மெழுகு என்றால் என்ன என்று ஒருவர் உருதுவில் கேட்டு, மற்றவர் கையைக் காட்டியோ மெழுகுவத்தியைக் காட்டியோ விளக்குவதில் இருவருக்குமே சொல் நிலைத்துவிடும்.

பிறகு தாள் வீட்டுக்குப் போகட்டும். இதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பீடி இலை வெட்டிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கோ, தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பாட்டிக்கோ இந்தக் கதை தெரியாது. வீட்டில் அந்தக் கதை பிள்ளையிடம் மட்டுமே இருக்கிறது. பாட்டிக்கு முடிவு தெரிய வேண்டுமானால் பிள்ளைதான் வாசித்துக் காட்ட வேண்டும். நீங்கள் பத்து முறை வாசிக்கச் சொன்னாலும் வாசிக்காத பிள்ளை பாட்டிக்கு, பக்கத்து வீட்டு அத்தைக்கு, தம்பிக்கு என்று தானாக வாசிக்கும். சரளம் அப்படித்தான் வருகிறது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இகாரஸ், தீசியஸ், அரக்னி போன்ற பெயர்கள் வாயில் நுழையாது என்று பல ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். எனக்கு அந்தப் பெயர்களே பெரிய உதவி. பழகிய சொல்லை முதல் எழுத்தைப் பார்த்தே பிள்ளைகள் ஊகித்துவிடுவார்கள். ‘அரியாட்னி’யை ஊகிக்க முடியாது, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாக வேண்டும். ஒரு பிள்ளை உண்மையிலேயே எழுத்தைப் படிக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு சோதனையே தேவையில்லை. ஸ, ஜ, ஹ எழுத்துகளைப் பஸ், ஜவுளி, ஹோட்டல் என்று கடைத்தெருப் பலகைகளில் அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். ஒரு கதையில் மூன்று பெயர்களுக்கு மேல் வைக்காதீர்கள். மற்றவர்கள் அரசன், தோழி, கிழவி என்றே வந்து போகட்டும்.

இனி எழுத்துக்கு வருகிறேன். தெரியாத கதை வாசிக்க வைக்கிறது என்றால், தெரிந்த கதைதான் எழுத வைக்கும். கூத்தும் பாட்டிமார்களும் இங்கேதான் உங்களுக்குத் துணைக்கு வருகிறார்கள்.

முதல் சில வாரங்கள் பிள்ளை சொல்ல, நீங்கள் எழுதுங்கள். இகாரஸைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். ‘ரெக்க உருகிப் போச்சி மிஸ்’ என்பான். அவன் கண் முன்னாலேயே ‘இறக்கை உருகிப் போய்விட்டது’ என்று எழுதி, அவன் சொன்னதையும் நீங்கள் எழுதியதையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். அவன் பேச்சைக் குறை சொல்லாதீர்கள். வாயால் ஒரு விதம், தாளில் ஒரு விதம் என்பதைப் பிள்ளைகள் இப்படிப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். பிறகு அந்த வரியை அவனே வாசிக்கட்டும். தான் சொன்னது என்பதால் தடுமாற்றம் குறைவாக இருக்கும். பலகையைப் பார்த்து எழுதுவதை விட்டு வெளியே வருவதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

அடுத்தபடியாக ராமாயணத்துச் சம்பாதியின் கதையைச் சொல்லுங்கள். ஜடாயுவும் அண்ணன் சம்பாதியும் சூரியனை நோக்கிப் பறந்தார்கள். தம்பி வெப்பத்தில் வாடியபோது அண்ணன் தன் இறக்கையை விரித்து அவனுக்கு நிழல் கொடுத்தான். தம்பி பிழைத்தான், அண்ணனின் இறக்கை கருகிவிட்டது. பின்னால் அனுமன் கூட்டத்துக்குச் சீதை இருக்கும் இடத்தைச் சொன்னவன் அந்தச் சம்பாதிதான். இப்போது பிள்ளைகளிடம், இறக்கை கருகிக் கிடக்கும் சம்பாதி இகாரஸுக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன எழுதுவான் என்று கேளுங்கள். இரண்டு வரி எழுதினாலும் போதும். ‘கதையைச் சுருக்கி எழுதுக’ என்று சொன்னால் வராத வாக்கியம் இதற்கு வரும், ஏனென்றால் இங்கே சொல்வதற்கு ஓர் ஆள் இருக்கிறான், கேட்பதற்கும் ஓர் ஆள் இருக்கிறான்.

அபிமன்யுவும் தீசியஸும் இன்னொரு ஜோடி. டேடலஸ் கட்டிய புதிர் மாளிகைக்குள் மாட்டுத் தலையும் மனித உடலுமாக மினோட்டார் இருக்கிறது. உள்ளே போனவர்கள் வழி தெரியாமல் அதற்கு இரையாவார்கள். மினோட்டாரைக் கொல்ல வந்த வீரன் தீசியஸிடம் மினோஸின் மகள் அரியாட்னி ஒரு நூல் உருண்டையைக் கொடுக்கிறாள். முனையை வாசலில் கட்டிவிட்டுப் பிரித்துக்கொண்டே போகிறான், திரும்பும்போது அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்துவிடுகிறான். சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்து, வெளியே வரத் தெரியாமல் போன அபிமன்யுவைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டவே வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள். அரியாட்னி தீசியஸுக்குச் சொன்ன வழிமுறையை எழுதச் சொல்லுங்கள்: நூலின் முனையை இங்கே கட்டு, இதற்குப் பிறகு இதைச் செய் என்று. தறிவீட்டுப் பிள்ளைகள் நூல் விஷயத்தில் உங்களையும் என்னையும்விட நுணுக்கமாக எழுதுவார்கள். நூல் சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது வரைக்கும் வரும்.

வகுப்பில் இருக்கும் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் இதில் இடம் வேண்டும். எல்லா ஒப்பீடும் ராமாயணம், பாரதம் என்றே போனால் அவர்கள் ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். கிரேக்க வீரன் அக்கிலீஸை, உடலில் ஆயுதம் ஏறாமல் இருக்க அவன் தாய் ஸ்டிக்ஸ் நதியில் முக்கியபோது அவள் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை. உயிர் அங்கே இருந்தது. ‘உங்கள் வீட்டில் சொல்லும் கதையில் இப்படி யாராவது உண்டா?’ என்று கேளுங்கள். ஒருவர் துரியோதனன் தொடையைச் சொல்வார், மாதா கோயிலுக்குப் போகும் பிள்ளை சிம்சோனின் தலைமுடியைச் சொல்லும். கடல் கதை வரும்போது மீன் வயிற்றில் இருந்த யூனுஸ் நபியை உருதுப் பிள்ளை சொல்லட்டும். கிரேக்கக் கதைக்கு உங்கள் திண்ணையில் ஒரு தனி நன்மை உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் யாருடைய வீட்டுச் சாமியும் அதில் இல்லை, எனவே எல்லோரும் அதனிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறார்கள்.

குடியாத்தத்தில் இருந்துகொண்டு அரக்னியை விட்டுவிடாதீர்கள். அவள் நெசவுக்காரி, சாயம் தோய்ப்பவரின் மகள். அவள் தறியில் உட்கார்ந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். நெசவுக்குத் தெய்வமான அதீனாவையே போட்டிக்கு வரச் சொல் என்கிறாள். அதீனா முதலில் கிழவி வேடத்தில் வந்து புத்தி சொல்கிறாள், அரக்னி கேட்கவில்லை. இரண்டு தறிகள், இரண்டு பாவுகள், போட்டி நடக்கிறது. இந்த இடத்தில் நிறுத்தி, நெய்வது எப்படி என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தெருவில் பாவை விரித்துக் கஞ்சி போடுவது, பாவு பிணைப்பது, தார்க்குச்சியை நாடாவுக்குள், அதாவது ஊடை நூலை ஓட்டும் கட்டைக்குள், வைப்பது, மிதியை மிதித்து ஊடை போடுவது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, சொற்களைப் பலகையில் எழுதுங்கள். பாடநூலில் அவர்கள் வீட்டுச் சொற்கள் வருவது அபூர்வம். தன் அப்பா நாள் முழுக்கச் சொல்லும் சொல் பலகையில் ஏறியதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள், நான் சொல்வது புரியும்.

முடிவு தாளில் இருக்கட்டும். அரக்னியின் துணியில் அதீனாவால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபத்தில் துணியைக் கிழித்தாள், கையில் இருந்த நாடாவால் அரக்னியின் நெற்றியில் அடித்தாள், கடைசியில் அவளைச் சிலந்தியாக்கினாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், இதற்கிடையே அரக்னி தூக்குப் போட்டுக்கொள்ள முயல்வதும் வருகிறது. அதைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். நாடாவின் கனம் தெரிந்த பிள்ளைகள் அந்த அடியில் துடித்துப்போவார்கள். அப்போது கேளுங்கள்: ஜெயித்தது யார்? தண்டனை நியாயமா? கட்சி பிரிந்து வாதாடட்டும். வாதாடி முடித்த சூட்டோடு, ஆளுக்கு மூன்று வரியில் தீர்ப்பு எழுதச் சொல்லுங்கள். ‘ஏனென்றால்’ என்ற சொல் அதில் ஒரு தடவையாவது வர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வையுங்கள். காரணம் சொல்லி எழுதப் பழகுவது இதிலிருந்துதான் தொடங்கும்.

உரையாடல் எழுத வைக்கக் கூத்தையே எடுத்துக்கொள்ளலாம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்குத் திரை தெரியும், கட்டியக்காரன் தெரியும். இருவர் ஒரு துப்பட்டியைப் பிடிக்கட்டும், பின்னால் தீசியஸ் நிற்கட்டும். ‘யாரப்பா நீ, எந்த ஊர், எதற்கு வந்தாய்?’ என்று கட்டியக்காரன் கேட்க, தீசியஸ் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை முந்தின நாளே எழுதி வரச் சொல்லுங்கள். மினோட்டாருக்கும் ஒரு வருகை உண்டு என்றால், அரக்கன் வேடத்துக்கு எழுதத்தான் போட்டி அதிகமாக இருக்கும்.

திருத்துவதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு வாரம் ர, ற மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் ல, ள, ழ. மற்ற பிழைகளைக் கண்டும் காணாமல் விடுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மையைக் கண்ட பிள்ளை அடுத்த முறை தனக்கு நிச்சயமாகத் தெரிந்த இரண்டு சொற்களை மட்டும் எழுதும். பிழையோடு சேர்த்து எழுத்தும் நின்றுவிடும். எழுதியதை அவரவரே வாய்விட்டு வாசித்துக் காட்டினால் விட்டுப்போன சொல் அவர்கள் காதிலேயே விழுந்துவிடும். நோட்டில் பிழை அப்படியே இருக்கிறதே என்று பெற்றோர் கேட்டால், இந்த வாரம் எதைப் பார்க்கிறீர்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பெற்றோரின் கேள்வியை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் பிள்ளையைப் பற்றி அக்கறை உள்ளவர் கேட்பதுதான் அது. ஒரு நாள் அவர்களையும் திண்ணைக்கு அழைத்து மிடாஸ் அரசனின் கதையைப் பிள்ளைகளை விட்டே வாசிக்கச் சொல்லுங்கள். இசைப் போட்டியில் அப்பல்லோ என்ற கடவுளுக்கு எதிராகப் பேசிய மிடாஸுக்குக் கழுதைக் காது முளைத்தது. அது முடி திருத்துபவருக்கு மட்டும் தெரியும். ரகசியத்தை அடக்க முடியாமல் அவர் குழி தோண்டி அதற்குள் சொல்லி மூடினார். அங்கே முளைத்த நாணல் காற்றில் அசைந்து அதை ஊருக்கே சொல்லிவிட்டது. பாதிக் கதை வரும் முன்பே பெரியவர்களில் யாராவது ஒருவர் ‘ராஜா காது கழுதைக் காது!’ என்று சொல்லிவிடுவார். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ஓவிட் எழுதிவைத்த கதை அது. நம் பாட்டிமார்கள் அதே ரகசியத்தை மரத்திலும் மேளத்திலும் வைத்துச் சொல்கிறார்கள். வேற்றூர்க் கதை என்ற தயக்கம் அந்த இடத்திலேயே பாதி கரையும். முடி திருத்தும் தொழில் செய்பவர் வீட்டுப் பிள்ளையும் வகுப்பில் இருக்கக்கூடும், சொல்லில் மரியாதை இருக்கட்டும்.

பரீட்சையைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரே பதில்தான்: முன்பின் பார்த்திராத பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளை பாடநூலையும் வாசிக்கும், வினாத்தாளையும் வாசிக்கும். மாதத் தொடக்கத்தில் ஒரு தாளையும் முடிவில் ஒரு தாளையும் அவர் எதிரிலேயே வாசிக்கச் செய்யுங்கள், வித்தியாசத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

வெட்டுக் குத்துக்கு வருவோம். உங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வருகிறது. தந்தை சொல் கேட்டுத் தாயின் தலையை வெட்டிய பரசுராமர் கதையைப் பிள்ளைகள் அப்பா தோளில் உட்கார்ந்தே கேட்டிருக்கிறார்கள். அரக்கி மெதூசாவின் தலையைப் பெர்சியஸ் என்ற வீரன் வெட்டியதைக் கேட்டு அவர்கள் மிரள மாட்டார்கள். கதைக்குள் வரும் வெட்டைவிட, சொல்கிறவர் அதை எவ்வளவு நேரம் ருசித்துச் சொல்கிறார் என்பதுதான் கவலைக்குரியது. ஒரு வரியில் கடந்துவிடுங்கள். தேவர்களின் அரசன் ஜீயஸ் பெண்களைத் துரத்தும் கதைகளை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள். பெர்சிஃபோனியைப் பாதாள அரசன் தூக்கிச் சென்ற கதையை இப்போது வேண்டாம் என்பேன். ஒரு பெண்ணின் சம்மதம் கேட்காமல் அவளைக் கொண்டுபோவதைப் பற்றி நின்று பேச வேண்டிய கதை அது; ஆறாம் வகுப்புக்கு மேல், பேச நேரம் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கதையைக் குறைப்பது பாவம் என்று நினைக்க வேண்டாம். தொட்டதெல்லாம் பொன்னாக மிடாஸின் மகளும் பொற்சிலை ஆனாள் என்று உங்கள் படப் புத்தகத்தில் இருக்கலாம். ஓவிடிடம் அந்த மகளே இல்லை, ரொட்டி, மது போன்றவைதான் பொன்னாகின்றன. மகளைப் பொன்னாக்கியவர் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்ன். சொல்கிறவர்கள் கூட்டியும் குறைத்தும் வந்த கதைகள்தான் இவை.

ஆங்கிலப் புத்தகத்தை இப்போதைக்குப் படம் பார்க்க வையுங்கள். கதை தமிழில் புரிந்து, தமிழில் வாசித்து முடித்த பிறகு, படத்துக்கு அடியில் உள்ள ஒரு வரியை ஆங்கிலத்தில் காட்டினால் பிள்ளை தானே அர்த்தம் சொல்லும். அதற்கு முன்னால் காட்டினால் இரண்டு மொழியிலும் தயக்கம்தான் மிஞ்சும்.

தண்ணீர் குடிக்க எழுந்து போகிற பையனைப் பற்றி இரண்டு விஷயங்கள். அவன் நினைவாற்றலும் சொல்வளமும் நன்றாக இருக்கின்றன, தடை எழுத்தில் மட்டும்தான். முதலில் அரசு மருத்துவமனையில் அவனுக்குக் கண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாமலேயே ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. பார்வை சரியாக இருந்தால், மற்றவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக அவனை வரச் சொல்லி, அன்றைய தாளை உங்களோடு சேர்ந்து வாசிக்க வையுங்கள். நீங்கள் ஒரு வரி, அவன் ஒரு வரி. மற்றவர்கள் வரும்போது அவன் கையில் கதையின் முடிவு இருக்க வேண்டும், யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அவனுக்கும் உங்களுக்கும் இடையே ஒப்பந்தம். வாசிக்கும்போது அவன் எந்தெந்த எழுத்தில் தடுக்கிறான், எதை எதுவாக மாற்றி வாசிக்கிறான் என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். கொம்பு, கால், சுழி போன்ற குறிகளில் மட்டும் தடுமாறுகிறானா, எழுத்துகளின் வரிசையே புரண்டுபோகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். குறிகள்தான் சிக்கல் என்றால் பயிற்சியில் சரியாகிவிடும். வரிசை புரள்வது மாதக்கணக்கில் தொடர்ந்தால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பள்ளி வழியாகச் சிறப்பு ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அந்தக் குறிப்புகளை எனக்கு அனுப்புங்கள், அவனுக்கென்று தனியாகத் தாள்கள் எழுதித் தருகிறேன்.